முன்வரிசையின் நியாயம்

பிசினஸ் கிளாஸில் முதன்முறை பறந்துவிட்டு வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், படுக்கையாக விரியும் இருக்கையைப் பற்றித்தான் முதலில் சொல்வார். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் வேறு சங்கதிகள் வரும். பணிப்பெண் பெயரைச் சொல்லி அழைத்தாராம். பக்கத்தில் குனிந்து நின்று, சாப்பாட்டை இப்போதே கொண்டுவரலாமா, தூங்கி எழுந்த பிறகா என்று கேட்டாராம். லவுஞ்ச் பற்றிய பேச்சும் அப்படித்தான் போகும். பஃபேயில் என்னென்ன இருந்தது என்று தொடங்கி, கழிப்பறை எவ்வளவு சுத்தம், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுந்துபோகச் சொல்லவில்லை என்பதில் வந்து முடியும்.

இப்படிப் பின்னால் வந்து சேரும் சங்கதிகளைத்தான் கவனிக்க வேண்டும். கால் நீட்ட இடம், மெத்தை, பீங்கான் தட்டில் சாப்பாடு, இதெல்லாம் வசதி. மரியாதையும், சுத்தமான கழிப்பறையும், உட்கார ஓர் இடமும் வசதியில் சேருமா? டிக்கெட் விலையில் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் விற்கிறார்கள். முதல் வகையை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இரண்டாவது வகை எந்த டிக்கெட்காரருக்கும் குறையக் கூடாது. சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது; கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல்.

"என் காசு, என் சௌகரியம், உனக்கென்ன?" என்பது ஒரு பதில். பின்னால் இத்தனை பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது முன்னால் ஒருவர் காலை நீட்டிப் படுப்பதே பாவம் என்பது இன்னொன்று. இரண்டுமே யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்துகின்றன. இரண்டாவதை ஒப்புக்கொண்டால், விமானத்தில் ஏறியதே இல்லாத கோடிக்கணக்கானவர்கள் இருக்கும் நாட்டில் எகானமி டிக்கெட்டும் பாவம்தான். அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. முதலாவதை ஒப்புக்கொண்டால், காசு கொடுத்து வாங்கியது எதுவானாலும் அதைப் பற்றிப் பிறர் பேசவே கூடாது என்றாகிவிடும்.

கல்யாணப் பந்தியில் ஒருவர் இலையில் மட்டும் நெய்யைத் தாராளமாக ஊற்றி அடுத்த இலையைத் தாண்டிப் போனால் பந்திவஞ்சனை என்பார்கள். பரிமாறியவரைத்தான் அந்தப் பாவம் சேரும். அதே ஊரில் ஓட்டலின் ஏசி அறைக்குத் தனி விலைப்பட்டியல் உண்டு. சாம்பாரும் வடையும் அதேதான், விலை மட்டும் கூடுதல். யாரும் சண்டைக்குப் போவதில்லை. பந்தியில் உட்காருபவர் விருந்தாளி, ஓட்டலில் உட்காருபவர் வாடிக்கையாளர். விமானம் இதில் எந்தப் பக்கம்? பில்லைப் பார்த்தால் ஓட்டல். ஆனால் கதவைச் சாத்திய பிறகு அது கிட்டத்தட்ட பந்தி: ஒரே கூடு, ஒரே தாமதம், ஒரே ஆபத்து. பல விமானங்களில் பின்வரிசைக்குப் போகிறவர்கள் முன்வரிசையைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் கையில் பழரசக் கோப்பை இருக்கும். ஏசி அறையில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. விமானத்தில் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள்.

இந்தத் 'தெரிவது' எவ்வளவு உறுத்துகிறது என்று 2016இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். டொரான்டோ பல்கலைக்கழகத்தின் கேத்ரின் டிசெல்ஸ், ஹார்வர்டின் மைக்கேல் நார்ட்டன். முதல் வகுப்பு இருக்கும் விமானங்களில், எகானமிப் பயணிகள் ரகளை செய்யும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும், முன்வாசல் வழியாக எல்லோரையும் ஏற்றினால் இன்னும் கூடுகிறது என்றும், அப்போது முன்வரிசைக்காரர்களின் ரகளையும் அதிகரிக்கிறது என்றும் எழுதினார்கள். கணக்கு போட்ட முறையைப் பிறகு புள்ளியியல் அறிஞர்கள் சிலர் கேள்வி கேட்டார்கள். எனவே அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை. பொறாமைப்படுபவர் ரகளை செய்வார் என்பதைவிட, உயர்த்தி வைக்கப்பட்டவரும் ரகளை செய்வார் என்பதே அதில் யோசிக்கத் தக்கது.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று, விமானமே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துபுய் 1849இல் ரயில் கட்டணங்களைப் பற்றி எழுதும்போது, மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாமலும், பலகைக்கு மெத்தை வைக்காமலும் விட்டிருப்பதன் காரணத்தைக் கேட்டார். கூரைக்கு ஆகும் செலவு அற்பம்தான். ஆனால் கூரை போட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர்களும் மூன்றாம் வகுப்பிலேயே போய்விடுவார்கள். அவர்களைப் பயமுறுத்தத்தான் ஏழைகள் நனைய விடப்படுகிறார்கள். ஏழைகளிடம் ரயில்காரர்களுக்குப் பகை ஒன்றுமில்லை என்று அவர் விளக்கினார். அறம் போதிக்க அவர் எழுதவில்லை. விலை நிர்ணயிப்பது எப்படி என்று விளக்கினார். அதனால்தான் அது இன்னும் சுடுகிறது.

இன்றைய சிக்கன விமானங்கள் பலவற்றில் வரிசைக்கு வரிசை இடைவெளி 28, 29 அங்குலம். ஜன்னலோர இருக்கைக்குத் தனிக் காசு, குடும்பம் சேர்ந்து உட்காரத் தனிக் காசு, முன்னால் ஏறத் தனிக் காசு. இவற்றில் சிலவற்றுக்கு உண்மையான செலவு உண்டு. இடைவெளியை இரண்டு அங்குலம் கூட்டினால் வரிசைகள் குறையும், டிக்கெட் விலை ஏறும். இது நேர்மையான கணக்கு. ஆனால் ஒரே டிக்கெட்டில் வரும் குடும்பத்தினரை வெவ்வேறு வரிசையில் போட்டுவிட்டு, சேர்த்து வைக்கக் காசு கேட்பதற்கு எந்தச் செலவும் காரணமில்லை. கூரை போடாமல் விட்டதன் வம்சாவளி அது. கஷ்டத்தை உற்பத்தி செய்து, அதிலிருந்து தப்பிக்கும் வழியை விற்பது.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. நெடுந்தூர விமானங்களில் வருமானத்தின் கணிசமான பகுதியை முன்வரிசைதான் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் சில தடங்களே ஓடாது, பின்வரிசையின் கட்டணமும் இப்போதுள்ள அளவில் நிற்காது என்று விமானத் துறையினர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் முழுப் படுக்கை இருக்கையைக் கொண்டுவந்தது. அந்த ஒரு படுக்கை பல எகானமி இருக்கைகளின் இடத்தைப் பிடிக்கிறது, அதற்கேற்ற காசையும் வாங்குகிறது. 2006இல் ஒரே வகுப்போடு தொடங்கிய இண்டிகோகூட 2024இல் டெல்லி–மும்பை தடத்தில் முன்வரிசை வைத்துவிட்டது. முதுகுவலிக்காரருக்கும், இரவெல்லாம் பறந்து காலையில் வேலைக்குப் போகிறவருக்கும் அந்தப் படுக்கை ஆடம்பரமும் அல்ல. இடத்துக்கு ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருக்கிறது: பிசினஸ் கிளாஸ் பயணியின் கரியமிலச் சுமை எகானமிப் பயணியுடையதைப்போல் சுமார் மூன்று மடங்கு என்று 2013இல் வெளியான உலக வங்கி ஆய்வுத்தாள் மதிப்பிட்டது. அதற்கான விலையை டிக்கெட் வாங்குவதில்லை.

லவுஞ்ச் கதை வேறு. அது தொடக்கத்தில் விற்பனைக்கே வைக்கப்படவில்லை. 1939இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே போகலாம். அதாவது, பிறப்பிலேயே அது வேண்டியவர்களுக்கான அறை. காசு கொடுத்தால் கதவு திறக்கும் என்பது பின்னால் வந்தது. அந்த வகையில் பார்த்தால் காசு ஒரு முன்னேற்றம். தெரிந்தவர் என்ற தகுதியைவிட ரூபாய் ஜனநாயகமானது. ஆனாலும் அந்த ஜனநாயகம் எல்லோரையும் எட்டுவதில்லை: தோஹாவின் ஹமத் விமான நிலையத்தில் அல் முர்ஜான் லவுஞ்ச் 10,000 சதுர மீட்டர் பரப்பு. தென்னிந்தியாவிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வந்திறங்குவதும் அதே நிலையத்தில்தான்.

இந்தியாவில் லவுஞ்ச் கதவைப் பெரும்பாலும் திறப்பது பிசினஸ் கிளாஸ் டிக்கெட் அல்ல, வங்கி அட்டை. இரண்டு ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போய் இட்லி, பொங்கல், காபி என்று ஒரு கட்டு கட்டலாம் என்பது நடுத்தர வர்க்கத்தின் அண்மைக்காலக் கண்டுபிடிப்பு. லவுஞ்ச் வாசலிலேயே வரிசை நிற்கத் தொடங்கிய பிறகு, முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் நுழையலாம் என்று பல வங்கிகள் 2024இல் நிபந்தனை போட்டன. 'இலவசம்' என்று சொல்லப்படும் இந்தச் சாப்பாட்டுக்கு யாரோ காசு கொடுக்கிறார்கள். கிரெடிட் கார்டில் வாங்கும்போது கடைக்காரர் அதில் ஒரு பகுதியை வங்கிக்கு விட்டுக்கொடுக்கிறார். அதைச் சரிக்கட்ட விலையில் ஏற்றுகிறார். அந்த விலையைச் சில்லறையை எண்ணிக் கொடுப்பவரும் கொடுக்கிறார், லவுஞ்ச் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல். முன்வரிசைக்காரர் தன் படுக்கைக்குத் தானே காசு கொடுக்கிறார். அட்டைக்காரர் பொங்கலுக்கோ ஊரே கொஞ்சம் கொடுக்கிறது. அறக்கணக்கில் படுக்கையைவிடப் பொங்கல்தான் இடறுகிறது. ஆனால் படுக்கையைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள்.

அலுவலகக் காசில் பறப்பதும், அரசுக் காசில் பறப்பதும் இந்த இனம்தான். அங்கே கேள்வி சுருக்கமானது: சொந்தக் காசு என்றால் இதே டிக்கெட்டை வாங்கியிருப்பாரா? 2009இல் மத்திய அரசு சிக்கனம் பேசி அமைச்சர்கள் எகானமியில் பறந்தபோது, அப்போதைய இணையமைச்சர் சசி தரூர் அதை மாட்டுக் கொட்டகை வகுப்பு என்னும் பொருள்படக் கிண்டலாக எழுதிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த வகுப்பின் இடைவெளியைக் கூட்டச் சொன்னார்கள்?

முதன்முறை போகிறவர் ஒரு விதத்தில் நல்ல சாட்சி. சென்ற பயணத்தின் முழங்கால் வலி அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது, இந்தப் பயணத்தின் மெத்தை புதிதாக இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினால் இருக்கை சாயும் என்று தெரியாமல் பக்கத்து ஆளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக் கற்றுக்கொள்வார். பின்னால் போகிற குழந்தைக்காரியைக் கண்டு கொஞ்சம் கூசுவார். இந்தக் கூச்சத்தைப் பெரிய அறம் என்று கொண்டாட வேண்டாம். அதனால் அந்தக் குழந்தைக்காரிக்கு ஓர் அங்குலமும் கிடைக்கவில்லை. ஆனாலும் அது இருக்கும் வரை கண் திறந்திருக்கிறது. நான்காவது, ஐந்தாவது பயணத்தில் கூச்சம் போய்விடும். லவுஞ்சில் தோசை ஆறியிருக்கிறது என்று ஊழியரிடம் குரல் உயர்த்துகிறவர் முதன்முறை வந்தவராக இருக்கவே மாட்டார்.

வகுப்புகளைப் பற்றி யோசிக்க இந்தியாவில் ரயிலைத்தான் பார்க்க வேண்டும். 1893இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட காந்தி, இந்தியா திரும்பிய பின் மூன்றாம் வகுப்பிலேயே ஊர் ஊராகப் போனார். 1917இல் மூன்றாம் வகுப்பின் அவலத்தைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதியபோது, முதல் வகுப்பை ஒழிக்கச் சொல்வதற்குப் பதிலாக வேறொரு யோசனை சொன்னார். வைசிராய், படைத்தலைவர், மகாராஜாக்கள் எல்லோரும் முன்னறிவிப்பில்லாமல் அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து பார்க்கட்டும் என்றார். விமான நிறுவனத் தலைவர்களுக்கும் இது பொருந்தும். நடுவிருக்கையில், நாலரை மணி நேரம்.

மூன்றாம் வகுப்பு 1974இல் பெயரளவில் ஒழிந்தது. மரப்பலகை ஒழியவில்லை. ஜனதா ஆட்சியில் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரை மெத்தை போட வைத்தார். 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸை வகுப்பில்லா ரயிலாக விட்டார். முதல் வகுப்பைத் தாழ்த்துவது தன் நோக்கமல்ல, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே என்பது அவர் நிலை. வகுப்பில்லா ரயில் என்ற எண்ணம் நிலைக்கவில்லை, கீதாஞ்சலியிலேயே இன்று ஏசி பெட்டிகள் ஓடுகின்றன. மெத்தை நிலைத்துவிட்டது. இன்று ஸ்லீப்பரில் படுப்பவர் யாருக்கும் அது ஒரு சலுகையாகத் தோன்றுவதில்லை. முன்வரிசையை என்ன செய்யலாம் என்பதைவிடப் பின்வரிசைக்கு எது குறையக் கூடாது என்று கேட்பதே பயன் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

விமான நிலையத்திலும் அந்த மெத்தை மெல்ல வருகிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் விமானம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும் என்ற, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதியில் வகுப்பு வித்தியாசம் இல்லை. விதி எழுத்தில் இருக்கிறது, கேட்டால்தான் தட்டில் வருகிறது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறக்கப்பட்ட உடான் யாத்ரி கஃபேயில் டீ பத்து ரூபாய், தண்ணீர் பத்து ரூபாய். விமான நிலையத்தில் ஒரு டீக்கு நூறு, இருநூறு கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம். லவுஞ்சுக்குப் போவதற்கான பாதிக் காரணம் அங்கேயே போய்விடுகிறது.

எனவே லவுஞ்ச் கிடைத்தால் போய்ச் சாப்பிடுங்கள், படுக்கை கிடைத்தால் தூங்குங்கள். வீணாக்காமல் சாப்பிடுங்கள், பரிமாறுகிறவரிடம் குரலை உயர்த்தாதீர்கள். வெளியே கூடத்தில் நாற்காலி போதவில்லை, கழிப்பறை நாறுகிறது, தாமதத்துக்குச் சாப்பாடு தரவில்லை என்றால், அது உங்களுக்கு நேராவிட்டாலும் புகார் எழுதுகிறவர் நீங்களாக இருங்கள். முன்வரிசைக்காரர்களின் குறைகளைக் கேட்கப் பல விமான நிறுவனங்கள் தனித் தொலைபேசி எண்ணே வைத்திருக்கின்றன.