தினையும் திணையும்

எழுத்துப்பிழை ஒரு தார்மீகப் பிரச்னையா? புரூஃப் பார்த்தே கண் கெட்டுப்போன நம்மவர்கள் உடனே ஆம் என்று சொல்லிவிடக்கூடும். நான் கேட்பது கவிதையில் விழும் பிழையைப் பற்றி அல்ல, கம்ப்யூட்டருக்கு எழுதப்படும் நிரலில் விழும் பிழையைப் பற்றி. அங்கே முதல் வாசகன் யந்திரம். அதற்கு அர்த்தம் வேண்டாம். ஒரு பெயர் எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும். தவறாகவே, ஆனால் மாறாமல் தவறாக எழுதிய சொல்லை அது ஒத்துக்கொள்ளும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் யாராவது சரியாக எழுதிவிட்டால் நிரல் நின்றுபோகும்.

கொல்லிமலையில், திருப்புலி நாட்டில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. ஊர்ப்பெயரையே பாருங்கள். லகரம் போட்டால் புலி, ளகரம் போட்டால் புளி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஆங்கிலத்தில் பதிவாகி, யந்திரத்தின் வழியாகத் தமிழுக்குத் திரும்பும் பட்டியலில் மரம் மிருகமாகலாம், மிருகம் மரமாகலாம். பிழைதிருத்தி வாயைத் திறக்காது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள்.

இந்த மலையில் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு விளைகின்றன. விதைக் கணக்கு வைப்பதற்காக நண்பர் ஒருவர் எழுதிய நிரலில் தினை முழுக்கவும் ‘திணை’ என்றே இருந்தது. குறிஞ்சித் திணையின் தானியம் தினை என்று படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மாற்றிவிடலாமே என்றேன். “ஓடுது இல்ல? கைய வைக்காதீங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பெயரில் ஏற்கனவே கணக்குகள் சேர்ந்துவிட்டன, வேறு நிரல்களும் அதைக் கேட்டு வாங்குகின்றன. ஆனால் அதே பிழை, நிரலுக்கு நடுவே மனிதருக்காக எழுதிவைக்கும் குறிப்பிலும் இருந்தது. குறிப்பை யந்திரம் படிப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. நாளை இவர் இடத்துக்கு வரப்போகிற ஒரு பையன் மட்டுமே அதைப் படிப்பான். அங்கே ‘ஓடுகிறது’ என்ற சமாதானம் செல்லாது. எனவே பெயரை விட்டுவிட்டு, குறிப்பைத் திருத்துவது, பெயர் தவறு என்பதையும் அந்தக் குறிப்பிலேயே சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. நான் கேட்டிருந்தால் பெயரையும் மாற்றத்தான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

உலகமே இப்படி விட்டுவைத்த பிழைகள் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எங்கிருந்து வந்தோம் என்று இணைய உலாவி சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற சொல், 1996 மே மாதம் வெளியான விதி ஆவணத்தில் ஓர் ‘ஆர்’ குறைந்தே பதிவாயிற்று. அன்றைய யூனிக்ஸ் பிழைதிருத்திக்குச் சரியான வடிவமும் தெரியாது, தவறான வடிவமும் தெரியாது. பிற்பாடு அதே குடும்பத்தில் வந்த இன்னொரு சொல்லைச் சரியாக எழுதினார்கள். இப்போது இரண்டும் அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. நமக்கு நெருக்கமான உதாரணம் யூனிகோடில் இருக்கிறது. அதன் பட்டியலில் ஆய்த எழுத்தின் அதிகாரபூர்வமான பெயர் ‘விசர்க்கம்’. ஒரு முறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. ஆய்தம் என்ற பெயர் பக்கத்தில் ஓர் உபகுறிப்பாக நிற்கிறது. எழுத்துக்கூட்டலில் குற்றமே கிடையாது. தொல்காப்பியம் அறிந்த எழுத்துக்கு சமஸ்கிருதப் பெயர் வைத்த தவறின் கீழ் எந்தப் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும்?

யந்திரத்தை அடியோடு தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து அடிப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். தமிழ் எண் ஏழும் எகரமும் அப்படித்தான். இங்கே மனிதக் கண் தோற்றுப்போகிறது, யந்திரம் கண்டுபிடித்துவிடும். தமிழிலேயே கட்டளைகள் அமைந்த ‘எழில்’ போன்ற மொழியிலும், தமிழ்ப் பெயர்களை அனுமதிக்கும் பைத்தானிலும் எழுதுகிறவனுக்கு இந்த உதவி அவசியம்.

அது சட்டாம்பிள்ளையாகும்போதுதான் எனக்குச் சங்கடம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது தும்பிக்கை போட்ட லையும் னையும் ஒரே உத்தரவில் பழசாகிவிட்டன. பெரியார் 1935லேயே ‘குடி அரசு’ பத்திரிகையில் புது வடிவங்களைப் புழங்கினார். அன்று ஒரு பிழைதிருத்தி இருந்திருந்தால் நாற்பது வருஷம் அவர் பத்திரிகை முழுவதையும் சிவப்பாக்கியிருக்கும். மறுநாளே கட்சி மாறி மற்ற எல்லோரையும் சிவப்பாக்கியிருக்கும்.

மலைக்காரர்கள் சாமையில் ரகம் ரகமாகப் பெயர் சொல்வார்கள்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப் பெருஞ்சாமை. பிழைதிருத்தி முதல் பெயரின் கீழேயே கோடு போடும். ‘வெள்ள’ என்பதைப் பண்டிதர் யாராவது ‘வெள்ளை’ என்று திருத்தினால் இலக்கணம் தேறும், ஆனால் அது இங்கே யாரும் விதைத்த ரகமல்ல. கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, கோடு விழாத சொற்களை மட்டுமே கை தேட ஆரம்பிக்கும். நிரல் எழுதுகிறவனை விட நம் போன்றவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம் என்று படுகிறது.

ஆட்களின் பெயர்ப் பட்டியல் மீது பிழைதிருத்தியை ஓட்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரேஷன் கார்டில் ஒரு கிழவியின் பெயரை எந்த குமாஸ்தாவோ ‘பளனியம்மாள்’ என்று எழுதியிருக்கலாம். கார்டில் ளகரம் இருக்கும் வரை, ழகரம் போட்ட ஆதார் அட்டையைக் காட்டும்போதெல்லாம் அவள் வேறொருத்தி. பட்டியலில் மட்டும் திருத்திக் கொடுக்கும் புண்ணியவான், இது வரை அரிசி வாங்கிக்கொண்டிருந்தவளையும் இல்லாமலாக்கிவிடுவான். முதலில் கார்டைத் திருத்த வேண்டும். அதற்கு அவள் மலையை விட்டு எத்தனை தடவை பஸ் ஏறி இறங்க வேண்டும் என்பது நிரலில் எங்கும் எழுதியிருக்காது.