நாளைப்போவார்களின் சனி ஞாயிறு

பயணத்துக்குத் திட்டம் போட்டவர்களில் நமக்கு மூத்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் நந்தனைத்தான் சொல்வேன். 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் திருநாளைப்போவார் என்கிற பேர் வந்தது. லீவு தராத பண்ணையார், நாற்பது வேலியையும் ஒரே ராத்திரியில் விளையவை என்கிற நிபந்தனை, இதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தவை. சேக்கிழாரின் பெரிய புராணத்தில் அப்படி ஒரு ஆண்டை கிடையாது. அங்கே நந்தனைத் தடுப்பது நந்தனின் யோசனையேதான். தில்லைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், சரி, வாசலில் என்ன ஆகும்? தன் குலத்துக்கு அது ஒத்து வருமா? ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் இதை நினைத்துப் பார்த்துவிட்டு விடிந்ததும் 'நாளைக்கு' என்கிறார். ஆண்டையிடம் லீவு கேட்பதாவது வெளியே நடக்கிற சண்டை. வாசலில் என்ன கேட்பார்கள் என்று உள்ளுக்குள்ளேயே ஒத்திகை பார்ப்பது இருக்கிறதே, அது வேறு சங்கதி. அந்த ஒத்திகை இன்னும் முடியவில்லை.

இதை இங்கே இழுப்பதற்கான காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஊர் சுற்றுகிற பைத்தியம் பிடித்த இருபத்திரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் நானும் இருக்கிறேன். கோட்டை, மலை, சமணர் படுக்கை, பழைய துறைமுகம் என்று வருஷம் பூரா தனித்தனியாக அலைகிறவர்கள். ஒருத்தர் போன வழியை இன்னொருத்தருக்குச் சொல்வோம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு சனி ஞாயிறு, எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது வழக்கம். (சனி ஞாயிறு என்றாலே நம்மில் பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். துப்புரவுப் பணியில் இருக்கிறவருக்கும் துணிக்கடையில் நிற்கிற பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்பது இன்னும் கொஞ்சம் கூடுதல் வேலை. அதைத் தனியாக எழுத வேண்டும்.) இந்த வருஷம் எங்கே கூடுவது என்று பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், நல்ல மனுஷன், மனசு நிறைந்து சொன்னார்: "எங்க ஊருக்கே வந்துடுங்க. தோப்பு வீடு சும்மாதான் பூட்டிக் கெடக்கு. பம்புசெட்டுல குளிக்கலாம். பாட்டி ஆக்கிப் போடும். ஒத்தப் பைசா செலவில்ல."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கயிற்றுக் கட்டில், திண்ணை, விறகடுப்புக் குழம்பு. நகரத்தில் வாடகைக்கு இருக்கிறவனுக்கு இதையெல்லாம் கேட்டாலே வாயூறும். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. கூட்டத்தில் வயசில் சின்னவள், கல்லூரியில் படிக்கிற பெண். "அண்ணா, அந்தப் பாட்டி 'நீ எந்த ஊரும்மா, யார் வூட்டுப் பொண்ணு'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

இதுதான் கேள்வி. இதை வெறும் பயத்தின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. தத்துவம் படிக்கிறவர்கள் 'எந்நேரமும் உண்மை பேச வேண்டுமா' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அந்தக் கேள்விதான் அடுப்பங்கரை வாசலில் வந்து நிற்கிறது. நம் இயக்கத் தோழர்களில் சிலரிடம் இதைச் சொன்னபோது பட்டென்று பதில் வந்தது: "சொல்லிடணும். தலை நிமிர்ந்து சொல்லணும். மறைக்கிறது தாழ்வு மனப்பான்மை." மேடையில் அது சரி. ஆயிரம் பேர் பக்கத்தில் நிற்கும்போது நானும் சொல்வேன், சொல்லியிருக்கிறேன். ஆனால் இருபது வயசுப் பொண்ணு, தெரியாத ஊர், தட்டில் பாதி சோறு, ராத்திரி அங்கேயேதான் படுக்கை. இந்த இடத்தில் வீரத்தை அடுத்தவரிடம் கேட்டு வாங்குகிறோமே, அந்த உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

மறுபக்கம், 'ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போம்மா, ரெண்டு நாளுதானே' என்பவர்களும் உண்டு. அதற்கு வள்ளுவரையே துணைக்கு அழைக்கலாம். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வாய்மை அதிகாரத்திலேயே அவர் இடம் விட்டிருக்கிறார். எனக்கு அந்தச் சலுகையும் கசக்கிறது. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கூண்டில் நிற்பது அந்தப் பெண்தான். கேள்வி கேட்டவர்கள் யாரும் கூண்டில் ஏறுவதில்லை. சொல்வதா மறைப்பதா என்று அவளைப் போட்டு உருட்டுவதற்கு முன்னால், அவளை அந்தக் கேள்விக்கு முன் கொண்டுபோய் நிறுத்துகிற திட்டத்தை யார் போட்டது என்று கேட்க வேண்டாமா?

நம் ஆட்கள் போட்ட திட்டம் ஒன்றைப் பார்ப்போம். 1934இல் அம்பேத்கரோடு சேர்ந்து உழைத்த தோழர்கள் சிலர், 'நீங்கள் வருவதானால் ஒரு சுற்றுலா போகலாம்' என்றார்கள். முப்பது பேர் வாக்கில் தேறினார்கள். வெரூள், அதாவது எல்லோரா, பௌத்தக் குகைகளைப் பார்ப்பது அவசியம் என்று முடிவாயிற்று. நாசிக்கில் கூடி அங்கிருந்து கிளம்புவதாக ஏற்பாடு. அந்தத் திட்டத்தில் இன்னொரு அயிட்டமும் இருந்தது: யார் என்று காட்டிக்கொள்ளாமல் போவது. வழியில் எதற்கு வம்பு என்று விளம்பரமே செய்யவில்லை. தங்குகிற ஊர்களில் இருந்த நம் ஜனங்களுக்கு மட்டும் தகவல் சொல்லி வைத்திருந்தார்கள். தௌலதாபாத் கோட்டைக்கு வெளியே குளம் தளும்ப நின்றது. புழுதி படிந்த முகத்தைக் கழுவிக்கொண்டார்கள். அவ்வளவுதான். கோட்டை வாசலில் நிற்கும்போது ஒரு வயசான முஸ்லிம் பெரியவர், தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே வந்தார். கூட்டம் சேர்ந்தது, வசவு விழுந்தது. தீண்டத்தகாதவன் முஸ்லிமாகிவிட்டால் அப்போதும் இந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க விடமாட்டீர்களா என்று அம்பேத்கர் திருப்பிக் கேட்டபோது அவர்கள் வாயடைத்து நின்றார்கள். கடைசியில் கோட்டைக்குள் விட்டார்கள். உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்கிற நிபந்தனையோடு, அதைக் கண்காணிக்க ஆயுதம் பிடித்த ஒரு சிப்பாயையும் கூட அனுப்பினார்கள்.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கியவர், வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர், ஒரு சுற்றுலாவுக்குத் தன்னை ஒளித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதைத் தாழ்வு மனப்பான்மை என்று யாராவது சொல்வோமா? திட்டம் போடுகிறவன் தன்னோடு வருகிற முப்பது பேரின் தோலைக் காப்பாற்றப் பார்த்தான். அப்படியும் குளம் காட்டிக்கொடுத்துவிட்டது.

'இதெல்லாம் அந்தக் காலம்' என்று சொல்பவர்களுக்கு நான் ஒரே ஒரு ஊர்ப் பெயரைத்தான் சொல்வது வழக்கம். வேங்கைவயல். 2022 டிசம்பர். தலித்துகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தண்ணீர் இன்னமும் அதே தண்ணீர்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சூட்சுமம் உண்டு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கிற சாதிப்பட்டத்தை விட்டொழிக்கச் சொன்னது. நல்ல காரியம். வடக்கே ஒருவரைப் பார்த்து 'முழுப்பேர் என்ன' என்று கேட்டாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அந்த வித்தை செல்லாது. அதனால் பேரிலிருந்து இறங்கிய சாதி ஊரில் போய் உட்கார்ந்துகொண்டது. 'எந்த ஊர்? அந்த ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் தெருவா, ரோட்டுக்கு அந்தாண்டையா?' மூணே கேள்வி, ஆள் பிடிபட்டுப்போவான். நண்பர் 'எங்க ஊருக்கு வாங்க' என்றாரே, அந்த 'ஊர்' என்கிற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். ஊர் வேறு, சேரி வேறு. ஊர்க்கூட்டம் என்றால் அதில் சேரி இல்லை, ஊர்ச்சோறு என்றால் அதிலும் இல்லை. அவர் அழைத்தது முழு மனசோடுதான். அந்தச் சொல்தான் அரைவாசியாக இருக்கிறது.

ஆற்றுப்படை என்று பரீட்சைக்குப் படித்தோம். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் எதிரே வருகிற பாணனுக்கு வழி சொல்கிறான்: இந்தக் காட்டைத் தாண்டு, இந்தக் குடியில் இன்ன சோறு கிடைக்கும், இன்னாரைப் பார். பயணிகளின் கூட்டம் என்று ஒன்று தமிழில் இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த ஆற்றுப்படையில் எல்லா வாசலும் திறக்கிறது. என் அப்பா தலைமுறைக்கு ஒரு வாய்மொழி ஆற்றுப்படை இருந்தது. எந்த டீக்கடையில் பெஞ்சில் உட்காரலாம், எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும், ராத்திரி பஸ்ஸை விட்டுவிட்டால் யார் வீட்டுத் திண்ணை. அதில் மூடின வாசல்தான் அதிகம். யாரும் எழுதி வைக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பர்கள் எழுதி வைத்தார்கள். நியூயார்க்கில் ஹார்லெமில் குடியிருந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். கறுப்பர்களுக்கு எந்த விடுதியில் அறை கொடுப்பார்கள், எங்கே சோறு, எங்கே பெட்ரோல் என்று ஊர் ஊராகப் பட்டியல். வாசகர்களும் தகவல் அனுப்பினார்கள். இந்தப் புத்தகம் தேவைப்படாத நாள் வரும் என்று அதிலேயே அவர் எழுதியிருந்தார். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்து, இரண்டு மூன்று வருஷத்தில் புத்தகம் நின்றது.

அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் மண்டையில் உறைக்கும். வாசலில் போய் நின்று 'என்னை உள்ளே விடுவீர்களா' என்று கேட்கிற அவமானத்தை வருகிறவன் தலையிலிருந்து இறக்கி, முன்கூட்டியே விசாரித்து வைக்கிறவன் சுமக்கிறான். திட்டம் போடுவது என்றால் அதுதான். தேதி குறிப்பதும் வேன் பேசுவதும் அதற்கப்புறம். 'எல்லாரும் வாங்க, நாங்க பேதம் பாக்கறதில்ல' என்பது ஒரு அறிவிப்பு. அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பேதம் பார்க்காதவர்கள் பலருக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, அவர்கள் எந்த வாசலிலும் நின்றதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகப் பெயர் சொல்லித் திறந்துவிடுகிறது. தௌலதாபாத்தின் குளம் அதில் இருக்கிறது. பாட்டியின் அடுப்பங்கரை இல்லை. ஆகவே ஒரு பொது இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு அறம் இருக்கிறது என்று கூட்டத்தில் பேசினேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் கவுண்டரில் யாரும் 'யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்பதில்லை. செஞ்சிக் கோட்டை என்று முடிவாகியிருக்கிறது. திண்டிவனத்தில் இறங்கி பஸ் பிடிப்பது, லாட்ஜில் அறை, சனிக்கிழமை கிருஷ்ணகிரி, ஞாயிறு விடிந்ததும் ராஜகிரி. வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. செட்டிகுளத்துப் படியில் உட்கார்ந்து 1934இன் கதையை வாசிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், வாசிப்போம். திருநாதர் குன்றில் ஒரே பாறையில் இருபத்து நாலு தீர்த்தங்கரர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சோற்றில்தான் சண்டை வந்தது. 'பொதுவா சைவம்னு வச்சிக்கலாம், யாருக்கும் பிரச்சினை இல்ல' என்றார் ஒருவர். இந்தப் 'பொது' எப்போதும் ஒரே பக்கத்துப் பாத்திரத்தில்தான் வேகிறது. நான் தின்பதை நீ பார்க்க முடியாது, ஆகவே நீ தின்பதையே நானும் தின்கிறேன் என்பதற்குப் பேர் பொதுவா? அவரவர் வேண்டியதை அவரவர் கடையில் தின்பது, ஒரே மேசையில் உட்காருவது என்று முடிந்தது. சொந்த அறிமுகம் செய்யும்போது ஊர் சொல்லத் தேவையில்லை, கடைசியாகப் போன வழியைச் சொன்னால் போதும் என்பதும் முடிவு.

தோப்பு வீட்டு நண்பருக்கு வருத்தம்தான். "அப்ப எங்க ஊருக்கு எப்பதான் வருவீங்க?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். அதற்குப் பதில் சொன்னது நானல்ல, அந்தப் பெண். "அடுத்த வருஷம் எங்க தெருவுக்கு வாங்கண்ணா. பாட்டியையும் கூட்டிக்கினு வாங்க."

கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. பொது இடம், டிக்கெட், லாட்ஜ் என்று நான் அடுக்கியதெல்லாம் நம்மை விருந்தாளியாக்குவதோடு நின்றுவிடுகிறது என்பது அப்போது தெரிந்தது. விருந்து என்றால் புதுமை, புதிதாய் வந்தவர் என்று நிகண்டு சொல்கிறோம், குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது. அந்த அதிகாரத்தில் சோறு போடுகிற கை யாருடையது? நம்மை உள்ளே விடுவதா வேண்டாமா என்றுதான் இத்தனை காலமும் விவாதம். நாம் போடுகிற சோற்றை உட்கார்ந்து தின்ன யார் வருவார்கள் என்பதை யாரும் விவாதத்துக்கே எடுப்பதில்லை. தௌலதாபாத்திலும் ஊர் எல்லையில் நம் ஜனங்கள் காத்திருந்து, முதலில் இறங்கி டீயும் பலகாரமும் சாப்பிட்டுப் போங்கள் என்றுதான் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கோட்டையைப் பார்க்க வேண்டும், திரும்பி வந்து குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு இவர்கள் போனார்கள். அந்த டீயைப் பற்றித்தான் நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முகம் கழுவத் தண்ணீரும் அங்கேதானே இருந்திருக்கும்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் தெருவில் இருபத்திரண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு வீடு கிடையாது. சமுதாயக் கூடம் இருக்கிறது, சாவி பஞ்சாயத்து ஆபீசில். கேட்டுப் பார்ப்பதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, சனிக்கிழமை வருகிற வாரமாகப் பார்த்துத் தேதி வைக்க வேண்டும். அம்மா ஆக்கிப் போடும் என்கிறாள், கூட ரெண்டு பேர் காய் நறுக்கினால் போதுமாம். தெருவில் கேட்டு வாங்கினால் பாய் பதினாலு தேறும். மீதி எட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை, தோப்பு வீட்டில் நிறைய இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.