கணத்தைத் திருத்த முடியுமா?

நடந்து முடிந்ததை நடவாததாக்குவது இறைவனுக்கும் இயலாது என்பது கிரேக்கக் கவிஞர் அகத்தோனின் கருத்து. அரிஸ்டாட்டில் அதை ஆமோதித்து எழுதியிருக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி அதை ஒரே வரியில் செய்துவிடுவதுபோல் தோன்றும். மாலை 4 மணியைக் காட்டும் டேட் ஆப்ஜெக்டில் செட்ஹவர்ஸை அழைத்து 9 என்று கொடுத்தால், அதே ஆப்ஜெக்ட் காலை 9 மணியைக் காட்டுகிறது. ஒரு கணம் இன்னொரு கணமாகிவிட்டதா? கணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைச் சுட்டிய விரல்தான் நகர்ந்தது என்பேன். ஆப்ஜெக்டுக்குள் இருப்பது ஒரே ஓர் எண்: 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிசெகண்டுகள். ஆண்டும் மாதமும் மணியும் கேட்கும்போது அதிலிருந்து கணக்கிட்டுத் தரப்படுபவை. செட்ஹவர்ஸ் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுகிறது. சீட்டில் உள்ள 5-ஐ அடித்து 6 என்று எழுதினால் ஐந்து ஆறாகிவிடுவதில்லை. கூட்டத்தின் தொடக்க நேரத்தைக் கொண்ட ஆப்ஜெக்டையே முடிவுக்கும் வைத்து, முடிவில் ஒரு மணி கூட்டிப் பாருங்கள்: தொடக்கமும் கூடவே தள்ளிப்போகும். புரோகிராமர்கள் தலையில் அடித்துக்கொண்டு அதை பக் என்பார்கள். குறித்த கணம் குறித்தபடி நிற்க வேண்டும் என்று உள்ளூர எல்லோரும் நம்புவதால்தானே அது பிழையாகப்படுகிறது? 1995இல் ஜாவாவைப் பார்த்து எழுதிய இந்த டேட் அமைப்புக்கு மாற்றாக வந்த டெம்போரலில் எதையும் திருத்த முடியாது. ஒரு மணி கூட்டினால் புதிய ஆப்ஜெக்ட் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும்.

அந்த எண்ணும் மனிதர் வைத்த பெயர்தானே, அதை மட்டும் கணத்தின் சுயரூபம் என்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1972 முதல் 2016 வரை யுடிசியில் 27 லீப் செகண்டுகள் சேர்க்கப்பட்டன. ஜாவாஸ்கிரிப்டோ எல்லா நாளுக்கும் 8,64,00,000 மில்லிசெகண்டு என்றே கணக்குப் போடுகிறது. சேர்த்த அந்த நொடிகளுக்கு அங்கே தனி எண் கிடையாது. ஆகவே எண்ணும் விரல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனி எண் இல்லாத ஒரு நொடியைப் பற்றி நாம் பேச முடிகிறதென்றால், எண்ணைச் சாராமல் அது கழிந்திருக்கிறது என்றுதானே பொருள்? நாட்களின் பெயரும் அப்படியே. 2011இல் சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 அங்கே வரவேயில்லை. வியாழன் இரவு உறங்கியவர்கள் சனிக்கிழமை விழித்தார்கள். சமோவா நேரத்தில் இயங்கும் கணினியில் அந்த 29ஆம் தேதி நண்பகலை எடுத்து, செட்டேட்டில் 30 என்று கொடுத்தால் 31ஆம் தேதி நண்பகல் வருகிறது. உள்ளே உள்ள எண்ணோ சரியாக 24 மணி நேரமே கூடியிருக்கும்.