தாய்க்காக வழக்காட யார் உளர்?

ஏதென்ஸ் நகரத்து மன்றம். கொலை வழக்கு. கூண்டில் நிற்பவன் ஓரெஸ்டஸ். அவன் கொன்றது தன்னைப் பெற்ற தாயை. கொல்லும்படி ஏவியவன் அப்பல்லோ என்னும் கடவுள். அவனே சாட்சி, அவனே வழக்கறிஞன்! நீதி வழங்கும் இருக்கையிலோ அதீனா என்னும் மற்றொரு கடவுள். செத்தவளுக்காகப் பேச வந்தவர்கள், கண்டோர் நடுங்கும் தோற்றங்கொண்ட பெண் பூதங்கள். இப்படி அமைந்த மன்றத்தில் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை, நண்பர்களே, நாம் சொல்லவும் வேண்டுமோ?

கி.மு. 458-இல் கிரேக்கப் புலவர் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய 'ஓரெஸ்டையா' என்னும் முந்நாடகத்தின் மூன்றாம் பகுதியில் வரும் காட்சி இது. மேலைநாட்டார் தலைமேல் வைத்துப் போற்றும் படைப்பு. பழிக்குப் பழி என்ற காட்டுமுறை ஒழிந்து, வழக்குமன்றம் என்ற நாகரிகம் பிறந்ததைக் காட்டுவது என்பர். உண்மைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாகரிகத்துக்கு விலை கொடுத்தது யார்?

அப்பல்லோவின் வாதத்தைக் கேளுங்கள். தாய் என்பவள் பிள்ளையைத் தோற்றுவிப்பவள் அல்லளாம்! விதைப்பவன் தந்தை; அவ்விதையைப் பாதுகாத்து வளர்த்துத் தரும் செவிலியே தாயாம். இதற்குச் சான்று? நீதி வழங்க அமர்ந்திருக்கும் அதீனாவேதான்! தந்தை சீயூசின் தலையிலிருந்து, தாயின் கருவறையில் வளராமல் பிறந்தவள் அல்லவா அவள்? நீதிபதியையே சான்றுப் பொருளாகக் காட்டுகிறான் வழக்கறிஞன். நீதிபதியும் அதனை ஏற்று, ஆணின் பக்கமே தன் வாக்கு என்கிறாள். வாக்குகள் சரிபாதி. சரிபாதியானால் விடுதலை என்பது விதி. தாயைக் கொன்றவன் வீடு திரும்புகிறான்.

விதையென்றும் நிலமென்றும் கூறும் இந்தப் பேச்சு நமக்குப் புதிதன்று. மனுவின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டியவர்கள், பெண் நிலம், ஆண் வித்து என்பதை அங்கேயும் கண்டிருப்பர். அறிவின் சிகரம் எனப் போற்றப்படும் அரிஸ்டாட்டிலும், உருவம் தருபவன் ஆண், பெண் தருவது வெறும் மூலப்பொருளே என்று எழுதி வைத்தார். 1827-இல், கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் என்னும் அறிஞர் ஒரு நாயின் சூலகத்தை ஆராய்ந்து, பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டறிந்தார். கடவுள் மன்றத்தில் சொன்ன பொய்யை நுண்ணோக்கி மறுத்துரைக்க 2,280 ஆண்டுகளுக்கு மேலாயிற்று!

இத்தகைய நாடகத்தை இன்று எப்படி மேடையேற்றுவது? பெண்ணுரிமை பேசுவோர் இதனைத் தொடலாமா? தொட்டால் திருத்தலாமா?

பழமையைப் பழமையாகவே காட்டுக என்பர் சிலர். 1981-இல் இலண்டன் தேசிய அரங்கில் பீட்டர் ஹால், டோனி ஹாரிசனின் மொழிபெயர்ப்பைக் கொண்டு இதனை நடத்தினார். நடிகர் அனைவரும் ஆடவர், அனைவர்க்கும் முகமூடி. கிளைட்டெம்னெஸ்ட்ரா என்னும் அந்தத் தாயும் ஆணே! பண்டைய ஏதென்சில் அதுதான் முறை. பெண்கள் அங்கே பார்வையாளராகவேனும் அமர்ந்தனரா என்பதே அறிஞரிடையே இன்னும் தீராத வாதம். ஆடலின் அழகைப் பற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால், பெண்ணின் வழக்கை ஆண் எழுதி, ஆண் நடித்து, ஆணே தீர்த்த ஏற்பாட்டை அப்படியே மீண்டும் நிறுத்துவதால் கலை வாழும், கேள்வி வாழுமா?

எதிர்முனையில் நின்றவர் அமெரிக்க அறிஞர் சூ எலன் கேஸ். 1985-இல் எழுதிய கட்டுரையில், இந்நாடகங்களில் வருவோர் பெண்களே அல்லர், ஆண்கள் புனைந்த பெண் வேடங்கள் என்றார். அத்தகைய படைப்புகளைப் பெண்கள் தம் இலக்கியமாக ஏற்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. சினம் நியாயமானது. எனினும் நாம் உடன்படத் தயங்குகிறோம். தீர்ப்பு ஏட்டைக் கொளுத்திவிட்டால் மேல்முறையீடு செய்வது எதைக் கொண்டு?

மூன்றாவது வழியொன்றைக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு ஆரியான் முனுஷ்கின். பாரிசை அடுத்த வென்சென் காட்டில், தோட்டாத் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் இயங்குவது அவருடைய 'தெயாத்ர் து சொலெய்' குழு. கதிரவன் அரங்கு எனலாம். 1990 முதல் 1992 வரை அக்குழு இம்முந்நாடகத்தை நடத்தியது. முனுஷ்கின் அப்பல்லோவின் வாதத்தை வெட்டி எறியவில்லை. மூன்று நாடகங்களுக்கு முன்னே நான்காவதாக ஒன்றை வைத்தார், அவ்வளவே! ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் யூரிப்பிடீஸ் எழுதிய 'ஆலிசில் இஃபிஜீனியா' அது. ஆடையிலும் ஆட்டத்திலும் நம் பக்கத்துக் கதகளியின் சாயல் படிந்திருந்தது.

ஒரு நாடகத்தை முன்னே வைத்ததால் என்ன மாறிற்று? ஈஸ்கிலஸ் தொடங்குவது டிராய்ப் போர் முடியும் நாளில். வென்று வருகிறான் மன்னன் அகமெம்னான்; மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா அவனைக் குளியலறையில் கொல்கிறாள். பார்ப்பவன் என்ன நினைப்பான்? பாதகி என்பான்! பத்தாண்டுகளுக்கு முன், கப்பல்களுக்குக் காற்று வேண்டித் தன் மகள் இஃபிஜீனியாவையே பலிகொடுத்தவன் அவன் என்பதை, முதியோர் குழுவொன்று பாடலில் கூறி, கத்தி இறங்கும் இடத்தில் வாய்மூடிக் கொள்கிறது. யூரிப்பிடீசோ அதையே மேடையில் நடத்துகிறார். அக்கிலீசுக்கு மணமுடிப்பதாகப் பொய்யோலை விடுத்து வரவழைக்கிறான் தந்தை. திருமணம் என்று நம்பி மகளை அழைத்து வருகிறாள் தாய். அவளுடைய முதற் கணவனையும், மார்பில் கிடந்த பச்சிளங் குழந்தையையும் கொன்றே அகமெம்னான் அவளை மணந்தான் என்பதும் அங்கே அவள் வாயாலேயே வெளிவருகிறது. ஏதென்ஸ் மன்றத்தில் இதை எவர் பேசினார்? ஒரு சொல்லுமில்லை! மறைக்கப்பட்ட சான்று முன்னே வந்து நின்றபின், அதே வாதத்தை, எழுத்து மாறாமல் அப்பல்லோ பேசட்டும். கேட்பவன் காதில் அது வேறாக ஒலிக்கும்.

எனினும் நமக்கும் ஒரு கூச்சம் இல்லாமலில்லை. கிளைட்டெம்னெஸ்ட்ராவைக் கறையற்றவளாக்கி மாலை சூட்ட ஆசை வரும். பெண்ணுரிமை பேசுவோர்க்கு எளிதில் வரும். அவள் கொன்றது கணவனை மட்டுமன்று. டிராயிலிருந்து அடிமையாக இழுத்து வரப்பட்ட கசாண்ட்ராவையும் கொன்றாள். தந்தையை இழந்தவள், நாடிழந்தவள், மன்னனின் படுக்கைக்கெனப் பங்கிடப்பட்டவள் கசாண்ட்ரா. அவள் செய்த குற்றம் என்ன? அரசிக்கு இழைத்த கொடுமையைக் காட்டுகிறவர்கள், அரசி அடிமைக்கு இழைத்ததை இருட்டில் விடலாமா? விட்டால், அகமெம்னானின் பக்கம் நின்றவர்கள் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

முனுஷ்கினின் மேடையில் கிளைட்டெம்னெஸ்ட்ராவாக நடித்தவர் ஜூலியானா கார்னெய்ரோ ட குன்யா. இறுதியில் அதீனாவாகத் தாய்க்கு எதிராக வாக்களித்தவரும் அவரே. இஃபிஜீனியாவாக வந்து பலிபீடம் சென்றவர் நிருபமா நித்தியானந்தன். அடுத்த நாடகத்தில் கசாண்ட்ராவாக வந்தவரும் அவரே. மகளுக்காகப் பழிவாங்கி நிற்கும் தாயின் வாளுக்கடியில் கிடந்தது, மகளின் முகம்.