ஒத்துக்கொள்ளாத மருந்து

சேலம், நாமக்கல் சமவெளியில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காய்ச்சல்காரருக்கு டாக்டர் கொடுப்பதும் மருந்து. பருத்திக் காட்டில் பூச்சியைக் கொல்லத் தெளிப்பதும் மருந்து. "மருந்தடிக்கப் போயிருக்கிறார்" என்று ஒரு வீட்டில் சொன்னால், போனவர் முதுகில் நஞ்சைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம். காப்பதையும் கொல்வதையும் ஒரே பெயரால் அழைக்கும் இந்த வழக்கத்தைப் படித்தவர்கள் அறியாமை என்று சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது மருந்து, எது நஞ்சு என்பதைப் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அளவும், அதை ஏற்கும் உடம்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

உடம்பைப் பற்றியும் நம் மக்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. ஒரே ஊசி ஒருவரை எழுந்து நடக்க வைத்து, இன்னொருவரைப் படுக்கையில் தள்ளினால், "மருந்து ஒத்துக்கல" என்பார்கள். ஏன் என்று கேட்டால், "தலையெழுத்து" என்று முடித்துவிடுவார்கள். அந்த எழுத்தை எழுதியது யார் என்று மேலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். விஞ்ஞானம் அதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் நம் மனச்சாட்சியையும் வந்து தொடுகிறது.

1950-களின் தொடக்கத்தில் சக்ஸமெத்தோனியம் என்ற ஊசிமருந்து ஆபரேஷன் அறைகளுக்கு வந்து சேர்ந்தது. தசைகளைத் தளர்த்துவது அதன் வேலை. மயக்கம் கொடுக்கும் டாக்டர் நோயாளியின் மூச்சுக்குழலில் குழாய் செலுத்தச் சில நிமிஷ அவகாசம் அதனால் கிடைக்கும். ஏறக்குறைய ஐந்து நிமிஷத்தில் அதன் வேகம் அடங்கி, மூச்சு தானே திரும்பிவிடும். ஆனால் வெகு சிலருக்கு மணிக்கணக்காகியும் மூச்சு திரும்பவில்லை. கனடாவில் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர் வெர்னர் காலோ இதன் காரணத்தைத் தேடினார். டாக்டரின் கைத்தவறும் இல்லை, மருந்தின் கலப்படமும் இல்லை. அந்த மருந்தைச் சிதைக்க வேண்டிய கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, அந்த நோயாளிகளின் இரத்தத்தில் பிறவியிலேயே மாறியிருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த சொத்து அது.

உலகத்தில் இந்த நொதி அறவே இல்லாதவர்கள் மிக மிக அரியவர்கள். ஆனால் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று வியப்பான செய்தியைச் சொன்னது. கோவையில் வாழும் வைசிய சமூகத்தாரிடையே இந்தக் குறை, ஐரோப்பியரிடையே காண்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு மிகுதியாக இருக்கிறது என்பதே அது. சேலத்துக் கடைவீதியிலும் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவரும் சமூகம் இது. 2009-இல் ஐதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் இந்திய ஜாதிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, வைசியர் நூறு தலைமுறைகளுக்கும் மேலாகப் பிறரோடு கலக்காமல் தமக்குள்ளேயே மணந்து வந்திருப்பதற்கு அடையாளம் கண்டார்கள். பழங்காலத்தில் ஒரு சிறு கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு நேர்ந்த சிறு மாற்றம், வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து பெருகியிருக்கிறது.

இதைப் படித்தவுடன், "அவர்கள் ஜாதிக்கு இரத்தத்தில் குறை" என்று ஒருவர் வாயெடுத்தால், அவர் ஆய்வைப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்வேன். இந்த நொதி இல்லாதவர்கள் மற்றபடி நல்ல ஆரோக்கியத்தோடு வாழ்கிறார்கள். அதையும் அதே பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தமக்குள்ளேயே மணம் முடிக்கும் எந்தக் கூட்டத்துக்குள்ளும் இப்படி ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கலாம். ஒரு குறை இன்னோர் இடத்தில் காவலாகவும் இருக்கும். 1952-இல் ஹெர்மன் லேமன் என்ற அறிஞர் நீலகிரி மக்களின் இரத்தத்தில் அரிவாள் போல வளையும் அணுக்களைக் கண்டறிந்தார். அந்த அணு பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால் நோயாகிறது. இந்த லேமனே பின்னால் கோலினெஸ்டரேஸ் குறை குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும் ஆராய்ந்தவர். இரத்தத்தில் பெருமைக்கும் இடமில்லை, வெட்கத்துக்கும் இடமில்லை என்பதுதான் இவற்றிலிருந்து நான் தெரிந்துகொள்வது.

ஆனாலும் வெட்கம் இருக்கத்தான் செய்கிறது. "பெண்ணுக்கு இரத்தத்தில் ஏதோ இல்லையாமே" என்று பேச்சுக் கிளம்பினால் வரன் தட்டிப்போகும் என்ற பயத்தில், தாயார் அந்தச் சீட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிடுவாள். பத்துப் பொருத்தமும் பார்த்து நடந்த கல்யாணம், முதல் பிரசவத்தில் ஆபரேஷன் மேஜைக்கு வரும்போது அந்தச் சீட்டு பெட்டியிலேயே கிடக்கும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். இங்கே ஆபத்து நொதியின் குறையால் மட்டும் வருவதில்லை. வாயை மூடவைக்கும் ஊராலும் வருகிறது.

இனி இன்னொரு மருந்துக்கு வருகிறேன். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை வேலை முடிந்ததும் அழிப்பதற்கு நரம்பு முனையில் ஒரு நொதி உண்டு. பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிநஞ்சுகள் அதை முடக்கிவிடுகின்றன. கட்டளை ஓயாததால் வாயில் நீர் வழிகிறது, கண்பாவை சுருங்குகிறது, கடைசியில் மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஓடும் கோலினெஸ்டரேஸ் அந்த நொதிக்குத் தம்பி போன்றது. நஞ்சு நரம்பை அடையுமுன் தம்பி குறுக்கே விழுந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததோடு தானும் செயலற்றுப் போகிறது. பிறவியிலேயே தம்பி இல்லாதவரிடம் நஞ்சு விரைந்து வேலை செய்யும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. 1958-இல் கேரளத்தில் இவ்வகை நஞ்சு கோதுமை மாவோடு கலந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த நஞ்சின் வியாபாரப் பெயரான பாலிடால், நம் கிராமங்களில் நஞ்சுக்கே பெயராகிவிட்டது.

நன்றாகப் பிறந்த தம்பியையும் அழிக்கலாம். பருத்திக் காட்டில் நாள்தோறும் மருந்தடிப்பவரின் இரத்தத்தில் இந்த நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கல்லீரல் அதைத் திரும்ப உண்டாக்கச் சில வாரங்கள் வேண்டும். அதற்குள் அடுத்த காட்டுக்காரர் கூப்பிட்டுவிடுகிறார். போதிய உணவில்லாவிட்டாலும் நொதி குறையும். கர்ப்ப காலத்திலும் குறையும். மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறவர்கள் பல இடங்களில் பெண்கள். சிறு குடியானவர் தாமே டாங்கைத் தூக்குகிறார். வசதியுள்ளவர் வரப்பில் நிற்க, நிலமில்லாதவர் தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு செடிகளுக்குள் இறங்குகிறார்.

கடைவீதிக்காரர் ஒருவருடைய இரத்தத்தையும், காட்டில் மருந்தடிப்பவருடைய இரத்தத்தையும் ஒரே பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால், இரண்டு சீட்டிலும் எண் தாழ்ந்தே வரலாம். மருந்தடிப்பவர் என்றாவது குடல்வால் நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால், அந்த ஊசி அவருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஊரார் இருவருக்கும் தலையெழுத்து என்பார்கள். ஆனால் எழுதிய கைகள் வேறு. முதல் எழுத்தை எழுதியவர்கள் எந்நாளோ மறைந்த முன்னோர்கள். அவர்களுக்கு இது தெரியாது, குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது எழுத்தை இன்றைய கூலியும் இன்றைய சந்தையும் எழுதுகின்றன. அந்தப் பருத்தியை உடுத்துகிற நாமும் எழுதுகிறோம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாததல்ல. 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதற்கான விதிகளும் வந்தன. இவ்வகை நஞ்சோடு வேலை செய்வோரின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் 1974-இல்தான் இதைப் போன்ற ஏற்பாட்டைச் செய்தது. காகிதத்தில் நாம் முந்திக்கொண்டோம். ஆனால் நாள்கூலிக்குப் போகிறவருக்கு எஜமானர் நாளுக்கு நாள் மாறுகிறார். யார் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது?

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் சமத்துவம் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நோயின் அளவோடும் காலத்தோடும், நோயுற்றவனுடைய அளவையும் எண்ணிச் செய்யச் சொல்கிறார். மனிதனை அளக்காமல் மருந்தை மட்டும் அளப்பது வைத்தியமும் இல்லை, நீதியும் இல்லை.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். பெட்டியின் அடியில் கிடக்கும் சீட்டு டாக்டரின் கைக்கு வர வேண்டும். அது வெளிவந்தால் கல்யாணம் நிற்காது என்ற தைரியத்தை ஊர் தர வேண்டும். டாங்கைச் சுமப்பவரின் விரலிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு துளி இரத்தம் எடுக்க வேண்டும். எண் தாழ்ந்திருந்தால், அது மீளும்வரை கூலி குறையாமல் அவருக்கு வேறு வேலை தர வேண்டும். தலையெழுத்தைப் படிக்க முடியாத காலத்தில் அதை விதி என்று விட்டுவிட்டதில் நியாயம் இருந்தது. இப்போது படிக்க முடிகிறது. படித்த பிறகும் சும்மா இருந்தால், அதற்கு விதி என்ற பெயர் பொருந்தாது.