நாணயத்தின் மதிப்பும் மனிதனின் மதிப்பும்



ஒரு காசுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? இந்தச் சிறு கேள்விக்கு விடை தேடினால், ஒரு மனிதனுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற பெரிய கேள்விக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

பழைய ரோமை நாணயங்களைச் சேகரிப்போரிடம் ஒரு விநோதம் உண்டு. நாற்பது ஆண்டு அரசாண்ட அகுஸ்து செசாரின் காசைவிட, சில வாரமே ஆண்டவனின் காசைத்தான் ஆவலோடு தேடுவார்கள். கி.பி. 69-ல் ஓத்தோ என்பவன் மூன்று மாதமே அரசனாயிருந்தான். 193-ல் தீதியுஸ் யூலியானுஸ் என்பவன், காவற்சேவகர் ஏலம் கூற, பணம் கொடுத்துச் சிங்காசனத்தை வாங்கினான்; 66 நாளில் கொலையுண்டான். 238-ல் கொர்தியானுஸ் என்னும் தகப்பனும் அதே பெயருள்ள மகனும் சுமார் மூன்று வாரம் ஆண்டார்கள். ஆயினும் இவர்கள் எல்லோருடைய முகமும் காசிலே உண்டு. ஏனெனில், போர்ச்சேவகருக்குக் கூலி கொடுக்கவும், தன் பெயரை எங்கும் பரப்பவும், புதிய அரசன் அவசரமாய்க் காசு அடிப்பான். ஆண்ட காலம் குறைவு. ஆகவே காசும் குறைவு. குறைவானதால் விலை அதிகம். அவன் நல்லவனா, கெட்டவனா என்று அந்த விலை கேட்பதில்லை.

நம் முன்னோர் வேறுவிதமாய் மதித்தார்கள். மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக ரோமைப் பொன்னும் வெள்ளியும் தமிழகம் வந்தன. கரூர், மதுரைப் பக்கங்களில் அக்காசுகள் ஏராளமாய்க் கிடைத்திருக்கின்றன. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அரசனுடைய முகத்தின் குறுக்கே வெட்டுத் தழும்பு காணப்பட்டது. அதற்குக் காரணம் அறிஞர்கள் பலவாறு சொல்லுவார்கள். எப்படியாயினும், முகம் சிதைந்தாலும் பொன்னின் எடை குறையவில்லை. வியாபாரிக்கு அது போதும்.

ஆக, சேகரிப்பவன் அருமையைப் பார்க்கிறான். வியாபாரி எடையைப் பார்க்கிறான். மனிதரை மதிப்பதிலும் நாம் இந்த இரண்டு தராசுகளைத்தானே பிடிக்கிறோம்? "எத்தனை மனை வாங்கினான்? எத்தனை வயது வாழ்ந்தான்?" என்பது ஒன்று. "அவனைப்போல் இன்னொருவன் உண்டா?" என்பது மற்றொன்று.

நமதாண்டவர் மூன்றாவது வழியைக் காட்டினார். வரியைப் பற்றிச் சோதித்தவர்களிடம் ஒரு வெள்ளிக்காசைக் காட்டச் சொன்னார். அது திபேரியுஸ் செசாரின் காசாயிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. 23 ஆண்டு ஆண்டவனின் காசு. அருமையானதல்ல, நம் தமிழ்நாட்டிலும் மிகுதியாய் அகப்படுவது. சேசுநாதர் அதன் எடையைக் கேட்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. அதிலுள்ள உருவம் யாருடையது என்று மாத்திரம் கேட்டார். தெர்த்துல்லியானும் அர்ச். அகுஸ்தீனும் இதை விளக்கும்போது, செசாரின் உருவம் பொறித்த காசு செசாருக்குரியது, சர்வேசுரனுடைய சாயலைத் தாங்கிய மனிதன் சர்வேசுரனுக்குரியவன் என்று போதித்தார்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. பச்சைமண்ணாய்ப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் நம் நடுவில் இருக்கிறார்கள். "நாலு நாள் இருந்த பிள்ளைதானே, அடுத்தது பிறக்கும்" என்று தேற்றுவோர் உண்டு. அது எடை போடும் பேச்சு. "அருமையான பூவை ஆண்டவர் சீக்கிரம் பறித்துக்கொள்வார்" என்பாரும் உண்டு. அது அருமை பார்க்கும் பேச்சு. இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவையே. இரண்டும் அந்தத் தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கின்றன. அந்தப் பிள்ளை நெடுநாள் வாழ்ந்திருந்தால் அதற்கு அதிக மதிப்பு வந்திராது. சீக்கிரம் போனதாலும் வரவில்லை. சர்வேசுரனுடைய சாயல் முதல் நாளே அதில் முழுமையாய் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அழியாத முத்திரையும் அதன் ஆத்துமத்தில் உண்டு. பெறாமலே போயிருந்தால், சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவருடைய இரக்கத்திற்கு அதைத் திருச்சபை ஒப்புக்கொடுக்கிறது.

அப்படியானால் அழக்கூடாதோ? அழலாம். லாசரின் கல்லறையருகில் நமதாண்டவரே கண்ணீர் விட்டார். விலையுள்ளதை இழந்தால்தான் அழுகிறோம்.

நாணயம் சேகரிப்பது பாவமல்ல. சரித்திரம் கற்க அது நல்ல வழி. ஆனால் குடும்பச் செலவுக்கான பணத்தை அதில் போடுவது தகாது. மண்ணில் புதையல் அகப்பட்டால் 1878-ஆம் வருஷத்துச் சட்டப்படி அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். மறைத்து விற்பது குற்றம். காசுகளின் சரித்திரம் அறிய விரும்பும் நம் பிள்ளைகளைத் தாம்பரத்தில் ரயிலேற்றி எழும்பூர்க் காட்சிசாலைக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். தென்னாட்டில் அகப்பட்ட ரோமைக் காசுகளின் பெருந்தொகுதி அந்தச் சாலைக்கு உண்டு.

இந்த வாரம் வேறொன்றும் செய்யுங்கள். பிள்ளையை இழந்த வீடு உங்கள் தெருவில் இருந்தால், போய்ச் சற்று நேரம் உட்காருங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஞாயிறு பூசையில் அந்தப் பெற்றோருக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக்குரு