குறை காணல் குற்றமா?

பொருளை வாங்குவது எளிது; வாங்கிய பொருளின் குறையை வாய்திறந்து சொல்வது அரிது. சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துச் சொத்தையைக் கூசாமல் ஒதுக்கும் கை, பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் புதிய காரின் முன்னே கூசி நிற்கின்றது. கதவோரத்தில் ஒரு கீறல் இருக்கின்றது, கண் காண்கின்றது, வாய் மூடிக்கொள்கின்றது, கை கையொப்பமிடுகின்றது. இக்கூச்சத்தைப் பண்பு என்பதா, பலவீனம் என்பதா? புதிய பொருளில் குறை காணல் குற்றமா, கடமையா? வாணிகத்தைப் பற்றிய சிறுவினாவாகத் தோன்றும் இது, ஆராயுங்கால் வாய்மையைப் பற்றிய பெருவினாவாக விரிகின்றது.

கெடா மாநிலத்துத் தமிழர் வாழ்வில் இவ்வினாவுக்குத் தனிப்பொருள் உண்டு. பாடாங் செராய் வட்டாரத்து விக்டோரியா, ஹென்ரியட்டா தோட்டங்களிலும், பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்திலும், இன்னும் பல தோட்டங்களிலும் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தலைமுறையின் வழித்தோன்றல்கள் பலர், இன்று சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றனர். பாட்டனார் பால் வாளியைச் சைக்கிளில் கட்டிச் சென்றார். தந்தையார் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குச் சென்றார். மகன் கார் வாங்குகின்றான். 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தபின், சொந்தக் கார் என்பது எளிய குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய கனவாயிற்று. எட்டியது கனவு, அதன் விலையோ ஒன்பது ஆண்டுவரை நீளும் மாதத் தவணை. காரில் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை தவறுவதில்லை.

அத்தகைய கார் வீட்டுக்கு வரும் நாள் திருநாளே ஆகும். நாள்காட்டியில் நல்ல நேரம் பார்க்கப்படுகின்றது. மாலையும் கற்பூரமும் வாங்கப்படுகின்றன. நான்கு சக்கரங்களின் அடியிலும் வைக்க எலுமிச்சம்பழங்கள் காத்திருக்கின்றன. அந்நேரத்தில், "பின்கதவின் இடைவெளி ஒருபுறம் அகன்றிருக்கின்றதே" என்று இளைய மகள் சொன்னால், "நல்ல நாளில் குறை பேசாதே அம்மா" என்று பெரியவர்கள் அவள் வாயை அடைப்பதுண்டு. விற்பனையாளரும் பெரும்பாலும் அறிமுகமானவர். உறவினரின் நண்பராகவோ, கோயில் திருவிழாவில் சந்திப்பவராகவோ இருப்பார். அவர் முகம் வாடச் செய்வானேன் என்ற தயக்கம் எழுகின்றது. மங்கலமும் முகதாட்சண்யமும் சேர்ந்து உண்மையின் வாயைப் பொத்திவிடுகின்றன.

இவ்விரண்டினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது தோட்டத்திலிருந்து வந்தது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளி நாள்தோறும் சோதிக்கப்பட்டவர். அவர் சீவிய பட்டையின் ஆழத்தைக் கங்காணி பார்த்தார். மரத்தில் காயம் பட்டிருந்தால் கண்டித்தார். கொண்டுவந்த பால் நிறுக்கப்பட்டது. நீர் கலந்துள்ளதா, கெட்டிச்சத்து எவ்வளவு என்று மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியாலும், மாதிரி எடுத்து உலர்த்தியும் அறியப்பட்டது. உலர்ந்த ரப்பரின் எடையே கூலிக்கு அடிப்படையாயிற்று. சோதிக்கப்படுவதில் பழகிய அம்மக்களுக்குச் சோதிக்கும் பழக்கம் வாய்க்கவில்லை. கூலிச் சீட்டின் கணக்கைக் கேட்டவர் அடங்காதவர் எனப் பெயர் பெற்றார். எனவே, கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு நன்றி கூறுவதே நல்லவர் இலக்கணம் என்ற எண்ணம் ஊறிப்போயிற்று. மூன்றாம் தலைமுறையின் கையொப்பத்திலும் அவ்வெண்ணம் ஒளிந்திருக்கின்றது.

ஆயினும் தோட்டத்து வாழ்க்கை வேறொரு பாடத்தையும் வைத்திருந்தது. பாலைச் சோதிப்பது அநீதி அன்று. நல்ல பாலுக்கும் நீர்ப்பாலுக்கும் ஒரே கூலி கொடுத்தால், நேர்மையாக உழைத்தவரே இழப்புக்கு ஆளாவார். தராசு ஒரு பக்கத்தாரின் கையில் மட்டுமே இருந்ததுதான் அநீதி. அதற்குரிய மருந்து தராசை உடைப்பதன்று. மற்றவரும் அதனை ஏந்துவதே. புதிய காரைச் சுற்றிவந்து பார்க்கும் தொழிலாளியின் மகன் எவரையும் அவமதிக்கவில்லை. தன் பாட்டனாருக்கு மறுக்கப்பட்ட ஓர் உரிமையை அடக்கத்தோடு எடுத்துக்கொள்கின்றான், அவ்வளவே.

பொருளை ஒப்படைக்கும்போது நீட்டப்படும் தாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக அது கூறுகின்றது. கையொப்பம் என்பது ஒருவர் தரும் சொல். பாராமலே பார்த்ததாகச் சொல்வது பொய்யின்பாற் படும். குறையைக் கண்டும் நல்ல நிலை என்று எழுதிக் கொடுப்பதோ ஐயமின்றிப் பொய்யே. நாகரிகம் கருதிச் சொன்ன பொய்க்குப் பின்னாளில் விலை உண்டு. மறுவாரம் கீறலைக் காட்டினால், "உங்கள் கையொப்பம் இருக்கின்றதே" என்ற விடை வரும். அன்று மலரும் சினத்தின் விதை, முதல் நாளின் மௌனத்தில் விதைக்கப்பட்டதே ஆகும்.

பார்ப்பதற்குப் பெரும் கல்வி வேண்டுவதில்லை. பொழுதும் பொறுமையும் போதும். மாலை மங்கிய பின்னும், மழைநீர் காயுமுன்னும் காரைப் பெறுதல் நன்றன்று. ஈரமான சாயம் கீறலை மறைக்கும். பகலொளியில் நிறம் எங்கும் ஒன்றாக இருக்கின்றதா, கதவுகளின் இடைவெளி ஒத்திருக்கின்றதா, முன் கண்ணாடியில் கல் தெறித்த வடு உண்டா என்று நோக்கலாம். சேஸி எண் பத்திரத்தோடு பொருந்துகின்றதா எனச் சரிபார்க்கலாம். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்க எண், அது உருவான வாரத்தையும் ஆண்டையும் காட்டிவிடும். விளக்கு, துடைப்பான், குளிர்சாதனம் ஆகியவற்றை இயக்கிப் பார்க்கலாம். பதிவு முடிந்தபின் ஒரு காரைப் புதியதென மற்றவருக்கு விற்க இயலாது. ஆதலால் பெயர் பதியுமுன்பே பார்த்துவிட இசைவு கேட்பது இருசாராருக்கும் நன்று.

இவ்வொழுக்கம் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அப்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துச் செல்வமும் ஒன்று. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். அக்கடாரமே இன்றைய கெடா. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஓயாத துன்பத்தையே கொண்டுவரும் என்பது வள்ளுவர் கருத்து. ஆளைத் தேர்வதற்குச் சொன்ன அறம் பொருளைத் தேர்வதற்கும் பொருந்தும். முதலில் ஆராய்ந்தவர் பின்னர் அமைதியாக இருப்பார். முதலில் கண்மூடியவர் பின்னர் ஒவ்வோர் ஓசைக்கும் அஞ்சுவார்.

வாங்குபவர் பார்க்க வேண்டும் என்றால், விற்பவர் வாய்மூடி இருக்கலாமா? இவ்வழக்கை உரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கிறித்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் விவாதித்தார். தான் மட்டுமே அறிந்த குறைகளையுடைய ஒரு வீட்டை ஒருவர் விற்கின்றார். அக்குறைகளைச் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதை மட்டும் சொன்னால் போதும் என்ற கட்சியைப் பாபிலோனிய டயோஜெனிசுக்கும், அறிந்த அனைத்தையும் சொல்ல வேண்டும் என்ற கட்சியை ஆண்டிபேட்டருக்கும் உரியதாகக் காட்டினார். மறைத்தல் தகாது என்பதே சிசரோவின் முடிவு.

மலேசியச் சட்டமும் அத்திசையில் நடந்துள்ளது. வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற பழைய நெறியைப் பெரிதும் தழுவியது 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ, பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என விதித்தது. தோற்றமும் மெருகும், சிறு குறைகளும் இல்லாமை, பாதுகாப்பு, உழைக்கும் தன்மை ஆகியவற்றைத் தரத்தின் கூறுகளாக எண்ணியது. விற்பனைக்கு முன்பே குறையை வெளிப்படையாகக் காட்டியிருந்தால், அக்குறைக்காக விற்பவரைப் பழிக்க இயலாது என்றும் அது கூறுகின்றது. சொன்ன குறை மன்னிக்கப்படுகின்றது. மறைத்த குறை தண்டிக்கப்படுகின்றது. இதில் சட்டமும் அறமும் ஒன்றாகி நிற்கின்றன. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுசெல்லலாம். எனினும், தகுந்த காலத்துக்குள் பேசாதவருக்குத் திருப்பித் தரும் உரிமை நழுவிவிடும். உறங்குபவருக்காகச் சட்டம் விழித்திருப்பதில்லை. இவ்விழிப்பைப் பொதுமக்களிடம் வளர்த்தோருள், 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் தலைமையில் பல்லாண்டு உழைத்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திற்குச் சிறப்பிடம் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத குறைகளும் உள்ளன. தகாத்தா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பைகளை எடுத்துக்கொள்ளலாம். உயிர் காக்க விரிய வேண்டிய பையின் ஊதுகலம் வெடித்து உலோகத் துண்டுகளை வீசியது. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் இந்த இடர் பெரிது. மலேசியாவிலும் உயிர்கள் பலியாயின. உலகெங்கும் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் திரும்பப் பெறப்பட்டன. சோதனை முடிவுகளைத் திரித்த குற்றத்தை அந்நிறுவனம் 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. எந்த வாடிக்கையாளர் எத்தனை முறை சுற்றிவந்தாலும் இக்குறையைக் கண்டிருக்க முடியாது. ஆகவே கடமை இருவருக்கும் பங்கிடப்படுகின்றது: காணக்கூடியவர் காண வேண்டும், அறிந்தவர் அறிவிக்க வேண்டும்.

அறிவிப்பதற்கு இடம் தருவதே நல்ல தொழிலின் அடையாளம். ஜப்பானில் சாக்கிச்சி தொயோடா 1924இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணியை மேன்மேலும் நெய்வதைவிடத் தறி நிற்பதே நலம் என்பது அதன் தத்துவம். அத்தத்துவம் பின்னர்க் கார் ஆலைக்குச் சென்றது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம் என்ற வழக்கம் உண்டாயிற்று. கெடாவிலும் கூலிமில் இனோகாம் நிறுவனத்தின் கார் பொருத்தும் ஆலையும், குரூணில் நாசா குழுமம் தொடங்கிய கார் ஆலையும் மோடெனாஸ் மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. தோட்டங்களுக்கு அண்மையிலேயே வண்டிகள் உருவாகும் காலம் வந்தது. குறையைச் சொன்னவரைப் பாராட்டும் ஆலை வளரும். "உன் வேலையைப் பார்" என்று அடக்கும் ஆலை தன் குறையைச் சாலைக்கு அனுப்பும்.

இனி, ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பொறுத்தல் பேரறம் அன்றோ? சிறு கீறலைப் பெரிதுபடுத்துவது சிறுமை அன்றோ? ஆம், பொறுத்தல் பேரறமே. ஆயினும் ஒருவர் தமக்கு நேர்ந்த தீங்கை மட்டுமே பொறுக்க உரிமையுடையவர். இருக்கைத் துணியின் சிறு மடிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அது அவர் விருப்பம். தடுப்பு ஒருபக்கம் இழுப்பதையோ, இருக்கைவார் பூட்டாமல் நழுவுவதையோ பொறுக்க அவருக்கு உரிமை இல்லை. பின்னிருக்கையில் அமரும் குழந்தையின் உயிரும், எதிரே சைக்கிளில் வருபவரின் உயிரும் அவருடைய சொத்துகள் அல்ல. பிறர் உயிரைப் பணயம் வைத்துத் தாம் பெயரெடுக்கும் பெருந்தன்மைக்குப் பொறுமை என்று பெயரிடலாகாது.

மறுகோடியில் நிற்பவரும் உளர். மனிதக் கை தொட்ட பொருளில் அணுவளவு குறையும் இருத்தலாகாது என்பார். சாயத்தில் ஒரு தூசுப்புள்ளியைக் கண்டு இளம் விற்பனையாளரைப் பலர் முன்னிலையில் திட்டுவார். குறையைச் சாக்காக்கி இலவசப் பொருள்கள் கேட்பார். அவர் நாடுவது உண்மையை அன்று, ஆதாயத்தை. குறைக்கேற்ற அளவே குறைகூறல் இருத்தல் வேண்டும். உயிருக்கு இடர் தரும் குறையெனில் காரைப் பெற மறுக்கலாம். பயனைக் கெடுக்கும் குறையெனில் சீர்செய்யும் நாளை எழுத்தில் பெறலாம். அழகைக் கெடுக்கும் குறையெனில் தாளில் குறித்துப் புன்னகையோடு கையொப்பமிடலாம். விற்பனையாளர் பெரும்பாலும் குறையை உண்டாக்கியவர் அல்லர். அவரிடம் குரல் உயர வேண்டியதில்லை. சொல் தெளிவாக இருந்தாற் போதும்.

இவ்வறத்தின் கடுமையான தேர்வு வேறோர் இடத்தில் நிகழ்கின்றது. புதிய காரில் ஒரு கீறலுக்கு நீதி கேட்டவரே, தம் பழைய காரை விற்கும்போது என்ன செய்கின்றார்? வெள்ளத்தில் நின்ற வண்டியின் விரிப்பை மாற்றி நறுமணம் தெளிக்கின்றாரா? மோதிய பக்கத்திற்குச் சாயம் பூசிவிட்டு, "ஒரு கையே ஓட்டியது" என்று சொல்கின்றாரா? அவ்வண்டியை வாங்க வருபவர், முதன்முதலாகக் கார் வாங்கும் இன்னொரு தோட்டத்துப் பிள்ளையாக இருக்கலாம். வாங்கும்போது ஆண்டிபேட்டரின் கட்சியிலும் விற்கும்போது டயோஜெனிசின் கட்சியிலும் நிற்பவர் நீதியை விரும்பியவர் அல்லர். தம் நலத்தையே விரும்பியவர்.

ஆகவே, குறை காணல் குற்றமன்று. பகைமையின்றிக் கண்டு, அளவறிந்து சொல்லி, தன் குறையையும் அதே நாவால் சொல்லத் துணிவதே அதன் முழுமை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைக்குமுன், காரை ஒருமுறை சுற்றிவருவதால் மங்கலம் குறைந்துவிடாது. மெய் பேசித் தொடங்கும் பயணத்தைவிட நல்ல நேரத்தில் தொடங்கும் பயணம் வேறில்லை.